அறுபத்திரண்டு மதிப்பெண்ணும் ஒரு விலா எலும்பும்

ஒசாகா,
மழைக்காலத்தின் முதல் வாரம்.

மதிப்பிற்குரிய தெட்சுரோ மாமாவுக்கு,

வாசலில் அஜிசாய்ப் பூக்கள் நீலத்துக்கு மாறிவிட்டன. இந்த ஈரக்காற்றில் உங்கள் விலா எலும்பு எப்படி இருக்கிறது? குணமாகும்வரை நீங்கள் சிரிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அத்தை ஃபோனில் சொன்னார். பயப்படாமல் படியுங்கள். இந்தக் கடிதத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை.

விசாரிப்பு முடிந்தது. உங்கள் வார இதழ் வந்தது. நின்றுகொண்டே பிரித்தேன். முப்பது வருடமாக நீங்கள் மல்யுத்தத்துக்கு மதிப்பெண் போடுகிற அதே ஏழாம் பக்கம். ‘மகளிர் பட்டப் போட்டி. கருந்தேள் கசானே எதிர் நொகிகு. நூற்றுக்கு அறுபத்திரண்டு.’ கருந்தேள் கசானே என்பவள் உங்கள் சொந்த அக்காவின் மூத்த மகள், என் அக்கா, சின்ன வயதில் உங்கள் தோளில் உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்தவள் என்பதை அந்தப் பக்கத்தில் எங்கும் காணோம். அதை நான் கேட்கவில்லை. உறவுக்காக ஒரு மதிப்பெண்ணும் கூட்ட வேண்டாம். ஆனால் உறவு என்பதற்காகக் குறைப்பது மட்டும் என்ன நியாயம்? வேறு எவளாவது அந்த ஆட்டத்தை ஆடியிருந்தால் எண்பதுக்குக் கீழே உங்கள் பேனா இறங்கியிருக்குமா?

முதலில் சில்லறைக் கழிவுகளைப் பார்க்கலாம். அக்காவின் இடது கை நொகிகுவின் பிடியில் முறுகிக்கொண்டிருந்தபோது, அவள் தரையோடு தரையாக ஊர்ந்து கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்தாள். அதற்கு நீங்கள் ‘சுகாதாரக் குறைவு’ என்று மூன்று கழித்திருக்கிறீர்கள். கயிற்றைத் தொட்டால் எதிராளி பிடியை விட வேண்டும் என்பது விதி. எதனால் தொட வேண்டும் என்று விதியில் இல்லை. நடுவரே ஒரு கணம் யோசித்துவிட்டு ‘விடு’ என்றார். அடுத்து, ‘பார்வையாளர் ஒழுங்கின்மை’ என்று இரண்டு. அது நான். பெயர் அறிவிக்கும்போது எல்லோரும் காகிதச் சுருள் எறிவார்களே, வாழ்நாளில் முதல்தடவையாக நானும் மாடியிலிருந்து ஒரு கறுப்புச் சுருள் எறிந்தேன். உள்ளே இருக்கும் அட்டைக் குழலை உருவிவிட்டுத்தான் எறிய வேண்டும் என்பது எறிந்த பிறகு நினைவுக்கு வந்தது. அது விரியவே இல்லை. நேராகப் போய் நடுவரின் காதில் பட்டது. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் நான் மல்யுத்தம் பார்ப்பது யாருக்கும் தெரியாது, குனிந்து உட்கார்ந்துகொண்டேன். ஆனாலும் மாமா, மாடியில் ஒருத்தி தப்பாக எறிந்ததற்கு மேடையில் இருப்பவளுக்கா மதிப்பெண் குறைப்பது? அப்படிப் பார்த்தால் அன்றைய மழைக்கும் கழித்திருக்கலாமே.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மூலைக்கம்பத்தின் உச்சியிலிருந்து வெளியே பாய்ந்தாள். கீழே நின்ற நொகிகு விலகிக்கொண்டாள். வரிசையிலிருந்த சனங்கள் நாற்காலியை விட்டுச் சிதறி ஓடினார்கள். பத்திரிகைக்காரர்கள் ஓடினார்கள். பத்திரிகை மேசையில் ஒரே ஒரு ஆள் மட்டும் பேனாவை மூடாமல் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ‘தாவல் இலக்கை அடையவில்லை, மேசையருகே இருந்த ஒருவர்மேல் விழுந்தார், கழிவு பதின்மூன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஒருவர்’ நீங்கள்தான் மாமா! அத்தனை பேரும் ஓடும்போது எழுந்திருக்காத உங்களுக்கு அல்லவா அந்தப் பதின்மூன்றைக் கழிக்க வேண்டும்?

பிறகு நடந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன், இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மேடையில் வில்லி வேடம் கட்டி ஊரையே நடுங்கவைக்கிற கருந்தேள், முகத்தில் கறுப்புச் சாயம், கையில் முள் பட்டை, எழுந்து பார்த்தாள். அடியில் கிடப்பது யார் என்று தெரிந்தது. உடனே மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையைத் தொடக் குனிந்து, “மாமா, மன்னிச்சிடுங்க, அடி பட்டுடுச்சா?” என்றாள். அந்த ‘மாமா’ யாரோ ஒரு பெரியவர் என்றுதான் அரங்கம் நினைத்தது. அவள் நிமிர்வதற்குள் நொகிகு பின்னாலிருந்து அள்ளி மேடைக்குள் உருட்டி, கைகாலை மடக்கிப் பொட்டலம் கட்டிவிட்டாள். நடுவர் மூன்று எண்ணினார். பட்டம் போயிற்று. ‘வில்லி தன் குணத்திலிருந்து வழுவினார், கழிவு இருபது’ என்று உங்கள் தீர்ப்பு.

பட்டம் போனதற்கு அக்கா அழவில்லை. ஆட்டம் முடிந்து, தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு வழக்கம்போல் ரசிகர்களுக்குத் தன் புகைப்படங்களை விற்க மேசையில் உட்கார்ந்தாளே, அங்கேதான் இடி விழுந்தது. வரிசையில் வந்த ஒரு பாட்டியம்மாள் அவள் கையைப் பிடித்து, “எவ்வளவு நல்ல பொண்ணும்மா நீ, பெத்தவங்க குடுத்து வச்சவங்க” என்றார். அடுத்து ஒரு சின்னக் குழந்தை. வீட்டுக்கு வந்து அக்கா சாயத்தைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொன்னாள்:

“அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரிச்சுதுடி.”

“சிரிச்சா என்ன?”

“என்னவா? பதினோரு வருஷமா என்னைப் பார்த்து அழாத குழந்தை கிடையாது. நாயா உழைச்சுக் கெட்ட பேரு வாங்கினேன். ஒரே ஒரு கும்பிடுல எல்லாம் போச்சு.”

அம்மா சமையலறையிலிருந்து, “கும்பிட்டா என்னடி குறைஞ்சுபோச்சு? அது நான் வளர்த்த வளர்ப்பு” என்றாள். மாமா, இந்த வீட்டில் சந்தோஷமாக இருக்கும் ஒரே ஆள் உங்கள் அக்காதான். மீன் கடைக்காரர் பாராட்டினாராம், இரண்டு கானாங்கெளுத்தி கூடுதலாகப் போட்டாராம்.

மறுநாள் அக்காவின் வில்லிக் கூட்டத்துத் தலைவி தொகுரா அக்கா ஃபோன் செய்தார். பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. “நம்ம கம்பெனி ஆபீஸ்ல பேசிட்டாங்க கசானே. உன்னை நல்லவளா மாத்தப் போறாங்களாம். ரோஸ் கலர்ல உடுப்புத் தைக்கக் குடுத்தாச்சு. தலையில முயல் காது வேற.” அக்கா ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, “முயல் காது வந்துச்சுன்னா நான் விலகிடுவேன்” என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னாள், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று கோபேயில் ஆட்டம். சாயப்பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

எனவே உங்களிடம் வாதாட வந்திருக்கிறேன். நான் மேடை ஏறியவள் இல்லை, புத்தகம் படித்தவள். கத்துகிற, பல்லைக் கடிக்கிற கெட்டவர்களை நான் இருபதாம் பக்கத்திலேயே மறந்துவிடுகிறேன். தேநீர் ஊற்றிக் கொடுத்து, உடம்பு சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுக் கழுத்தில் கை வைக்கிறவர்கள்தான் புத்தகத்தை மூடிய பிறகும் கூடவே வருகிறார்கள். வயதான மனிதரின் எலும்பை உடைத்துவிட்டு முறைப்படி மண்டியிட்டு நலம் விசாரிப்பவளைவிடக் கொடியவள் யார்? அது வழுவல் இல்லை, கொடுமையின் உச்சம். அதற்கு இருபது கழிக்கக் கூடாது, இருபது கூட்ட வேண்டும். அடுத்த இதழில் ‘என் தீர்ப்பு தவறு, அந்த வணக்கம் வஞ்சகமானது’ என்று எழுதி குறைந்தது எண்பத்தைந்து போடுங்கள். உங்கள் எழுத்தை ஆபீஸ்காரர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள், முயல் காது குப்பைக்குப் போகும். மாட்டேன் என்றால் வாராவாரம் எழுதுவேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒருத்தி போதும்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மா போட்ட உப்புப் பிளம் ஒரு ஜாடி தனியாக அனுப்பியிருக்கிறேன். உங்கள் எலும்புகள் சண்டை சச்சரவின்றி ஒன்றுகூடி நெடுங்காலம் வாழட்டும். இருமல் உங்களை அண்டாதிருக்கட்டும்.

பணிவுடனும் கோபத்துடனும்,
ஃபுயுமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கோபேயிலிருந்து அக்கா வந்து சேர்ந்தாள், கூடவே தொகுரா அக்கா, கையில் முலாம்பழம். என்ன எழுதுகிறாய் என்றார்கள். மாமாவிடம் மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்கிறேன் என்றேன். தொகுரா அக்கா பழத்தைக் கீழே போட்டேவிட்டார்.

“அடிப்பாவி, கூட்டச் சொல்லாதே! நேத்து நான் மைக்கைப் பிடிச்சு, ‘அன்னைக்கு எலும்பு ஒடைஞ்ச ஆளு இவளோட சொந்தத் தாய்மாமன்! அவரே இவளைக் கைகழுவிட்டு அறுபத்திரண்டு போட்டாரு’ன்னு ஒரு போடு போட்டேன். கோபே சனம் கொதிச்சுப் போச்சு. ‘மாமனைக் கொன்னவளே, வெளிய போ’ன்னு ஒரே கூச்சல்!”

“முன்வரிசையில ரெண்டு குழந்தை அழுதுது” என்றாள் அக்கா. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று! முயல் காது ரத்து. நொகிகுவோடு மறு ஆட்டம் உறுதியாகும்போல் இருக்கிறது.

ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வணக்கம் வஞ்சகம் என்றெல்லாம் விளக்கப் போகாதீர்கள். அறுபத்திரண்டே கொஞ்சம் தாராளம் என்பது தொகுரா அக்காவின் கருத்து. அடுத்த இதழில் ‘மறுபரிசீலனை’ என்று போட்டு நாற்பதாகக் குறைத்து, இரண்டு வரி நன்றாகத் திட்டியும் எழுதினால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்கா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். அன்றைக்குக் கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாளாம்.