எட்டுப் பதில்களும் ஒரு டின் கடலைமிட்டாயும்

நான் கணக்கு வாத்தியார் ஆனதற்குக் காரணம் கணக்கின் மேல் உள்ள பிரியம் என்று என் மாணவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான காரணம் சோம்பேறித்தனம். நான் படித்த பள்ளியில் சமூக அறிவியல் சார் சுருட்டிய வரைபடத்தைத் தோளில் சாத்தி வருவார். தமிழ் அம்மா கட்டுரை நோட்டுகளைக் கட்டாகச் சுமந்து வருவார். கணக்கு சார் மட்டும் சட்டைப்பையில் ஒரே ஒரு சாக்பீஸோடு கையை வீசிக்கொண்டு வருவார். "நேத்து எதுல விட்டோம்?" என்று எங்களிடமே கேட்பார். எவனையாவது போர்டுக்கு அனுப்பிக் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகப் பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். செய்தால் இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று ஏழாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் ஊரே இன்ஜினியரிங் சேர்ந்த காலம் அது. நானும் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் பதினோரு அரியர் வைத்துவிட்டு, பெட்டியோடு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். அப்பா அப்போது ஒரு கடலைமிட்டாய்க் கடையில் பொட்டலம் போடும் வேலையில் இருந்தார். என்னைப் பார்த்து, "சரி, விடு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அந்த இரண்டு சொல்லும் வருடக்கணக்கில் என் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தன.

பிறகு பி.எஸ்சி. கணக்கு, பிறகு பி.எட். பி.எட். சேர்ந்த அன்று அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏலே சேவியரு, இதையாவது முடிச்சிருவியா?"

"முடிச்சிருவேம்பா."

முடிக்கிறதுக்கு நடுவில் ஒரு மலை இருந்தது. அதற்குப் பெயர் செய்முறைத் தேர்வு. நாங்கள் பயிற்சிக்குப் போகிற பள்ளிக்கே வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து, பின்னால் உட்கார்ந்து நாம் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். (நாங்கள் அதை 'கமிஷன்' என்போம். 'கமிஷன் வருது' என்று யாராவது சொன்னால் சோறு இறங்காது.) அதில் போய்விட்டால் இன்னொரு வருடம். இன்னொரு வருடம் என்றால் இன்னொரு 'சரி, விடு'. அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

எனக்குக் கிடைத்தது எட்டயபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளி, ஏழாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள். எங்கள் விரிவுரையாளர் கிளம்பும்போதே எச்சரித்திருந்தார்: "நீ என்ன நடத்துறேங்கிறது முக்கியமில்ல. பிள்ளைங்க பதில் சொல்லணும். பதில் வரலைன்னா மார்க் வராது."

பதில்தானே வேண்டும்? நான் இன்ஜினியரிங் மூளையைப் பயன்படுத்தினேன். (பதினோரு அரியர் வைத்த அதே மூளைதான்.) வட்டம் பற்றிய பாடத்துக்கு எட்டுக் கேள்வி தயார் செய்தேன். எட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி, ஆளுக்கு ஒரு பதிலைக் கொடுத்தேன். முதல் ஆளுக்கு 'வட்டம்', இரண்டாவது 'மையம்', மூன்றாவது 'ஆரம்', நான்காவது 'விட்டம்', ஐந்தாவது 'ரெண்டு மடங்கு', ஆறாவது 'சுற்றளவு', ஏழாவது 'இருபத்திரண்டு பை ஏழு', எட்டாவது 'நாற்பத்துநாலு சென்டிமீட்டர்'. வரிசையாக உட்காரவைத்து ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். பயல்கள் கேள்வியைக் கேட்டுக் குழம்பக்கூடாதே என்று ஒரு பெரிய வழியும் சொல்லிக்கொடுத்தேன்.

"கேள்வியப் பத்திக் கவலைப்படாதீங்க. பக்கத்துல உள்ளவன் சொல்லி முடிச்சான்னா அடுத்து உங்க முறை. எந்திரிச்சு உங்க பதிலச் சொல்லுங்க. சொன்னவங்களுக்கு ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய்."

இந்த ஒரு யோசனைக்காகவே என்னைப் பி.எட். கல்லூரி வாசலில் நிறுத்தி வைத்திருக்கலாம்.

வகுப்பில் மாரிச்செல்வி என்று ஒரு பிள்ளை. எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்பாள். மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் என்று சொன்ன அன்று, அவளுடைய 'ஏன் சார்' தாங்காமல் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வெளியே போய் மணி அடித்த பிறகுதான் வந்தேன். அவளுக்குப் பதில் எதுவும் கொடுக்கவில்லை. கமிஷன் அன்றைக்குக் கடைசிப் பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. அப்பா கடையிலிருந்து ஒரு டின் நிறைய மிட்டாய் வாங்கிக் கொடுத்திருந்தார். எதுக்கு என்று கேட்கவில்லை. டின்னின் வட்ட மூடிதான் என் கற்பித்தல் கருவி. சரியாக ஏழு சென்டிமீட்டர் ஆரம். மூடி என் கையில், திறந்த டின் மேசைக்கு அடியில். வெல்ல வாசனை வகுப்பு முழுக்க நிறைந்திருந்தது.

பதினொரு மணிக்கு வரவேண்டிய தேர்வாளர் பக்கத்து வகுப்பில் மாட்டிக்கொண்டார். "சும்மா ஏன் நிக்கீங்க, ஆரம்பிங்க" என்றார் தலைமையாசிரியர். ஆரம்பித்தேன். முதல் கேள்விக்கு 'வட்டம்' வந்தது. இரண்டாவதுக்கு 'மையம்' வந்தது. அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது தேர்வாளர் மேடம் உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? பரவாயில்ல. முதல்லருந்து நடத்துங்க."

நானும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை.

மூடியைத் தூக்கிப் பிடித்து, "இது என்ன வடிவம்?" என்றேன்.

மூன்றாவது ஆளான முத்துக்குமார் விறைப்பாக எழுந்தான். "ஆரம் சார்."

"மிக நன்று" என்றேன்.

இதை விளக்க வேண்டும். பி.எட்.டில் 'வலுவூட்டும் திறன்' என்று ஒன்று உண்டு. பிள்ளை வாயைத் திறந்ததும் பாராட்ட வேண்டும். இதை நான் பயிற்சி எடுத்து எடுத்து, கண்டக்டர் சில்லறை கொடுத்தால்கூட "மிக நன்று" என்று சொல்கிற நிலைக்கு வந்திருந்தேன். வாய் தன் வேலையை முடித்த பிறகுதான் காது தன் வேலையை ஆரம்பித்தது.

"இதோட நடுவுல இருக்கிற புள்ளிக்கு என்ன பேரு?"

"விட்டம் சார்."

"அருமை."

பிள்ளைகள் தப்பாகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் எதையோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று தோன்றியது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு தைரியமாகச் சொன்னால் யாருக்குத்தான் தன் மேல் சந்தேகம் வராது? நடுப்புள்ளிக்கு விட்டம் என்றுதான் பெயரோ? அப்போ மையம் என்பது எது?

"நடுவுலருந்து ஓரம் வரைக்கும் உள்ள தூரம்?"

"ரெண்டு மடங்கு சார்."

"சபாஷ். ஓரத்துலருந்து நடு வழியா எதிர் ஓரத்துக்குப் போற கோடு?"

"சுற்றளவு சார்."

"மிக நன்று. விட்டம் ஆரத்தப் போல எத்தன மடங்கு?"

"இருபத்திரண்டு பை ஏழு சார்."

"அருமை. வட்டத்தச் சுத்தி வர்ற நீளத்துக்கு என்ன பேரு?"

எட்டாவது ஆள் சூசைராஜ். ஒரு வாரமாகக் காத்திருந்தவன். "நாப்பத்திநாலு சென்டிமீட்டர் சார்" என்று ஓட்டுக் கூரை அதிரச் சொன்னான்.

தேர்வாளர் மேடம் முதல்முறையாக நிமிர்ந்தார். "அளக்காமலே சொல்லுறியேப்பா, எப்படி?"

"எம் பதிலு அதான் மேடம்" என்றான் அவன், பெருமையாக.

மேடம் என்னவோ எழுதினார். நான் ஏழாவது கேள்விக்குப் போனேன். "பையின் மதிப்பு என்ன?"

ஒருவரும் அசையவில்லை. எட்டுப் பேரும் தங்கள் கடமையை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் கேட்டேன். அப்பாவின் முகம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்து அந்த இரண்டு சொல்லையும் சொல்லத் தயாரானது.

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி போர்டைப் பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை கை தூக்குதே" என்றார் மேடம்.

மாரிச்செல்வி எழுந்தாள். "சார், எனக்கு ஒண்ணும் வெளங்கல. இந்த மூடிக்கும் இருபத்திரண்டு பை ஏழு, டிராக்டர் சக்கரத்துக்கும் அதே இருபத்திரண்டு பை ஏழுன்னு நேத்து சொன்னிய. பெருசும் சிறுசும் எப்படி சார் ஒண்ணா இருக்கும்? ஏன் சார்?"

எனக்கும் தெரியவில்லை. பரீட்சையில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட ஏன் என்று யோசித்ததில்லை. தண்ணீர் குடிக்கவும் போக முடியாது. "எனக்கும் தெரியல பிள்ள" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே. "அளந்து வேணா பாப்போமா?"

அளக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. மாரிச்செல்வி தன் சடையிலிருந்து ரிப்பனை உருவிக் கொண்டுவந்தாள். மூடியைச் சுற்றி ஒரு சுற்று. முட்டும் இடத்தில் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். அந்த நீளத்தை மூடியின் குறுக்கே வைத்துப் பார்த்தோம். மூன்று தடவை போய், கொஞ்சம் மிச்சம். இன்னொரு பிள்ளை வளையலைக் கழற்றித் தந்தது. அதிலும் மூன்று தடவை, கொஞ்சம் மிச்சம். அதற்குள் முப்பத்திரண்டு பேரும் மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். சூசைராஜ் மூடியை அளந்ததில் மிஞ்சிய ரிப்பன் துண்டை இரண்டு விரலுக்குள் பிடித்து, அதை மூடியின் குறுக்கே நகர்த்தி நகர்த்தி எண்ணினான்.

"சார், இந்தக் கொஞ்சத்த ஏழு தடவ வச்சா ஒரு முழுக் குறுக்கு வருது சார்."

மூன்று, அப்புறம் ஏழில் ஒன்று. போர்டில் எழுதினேன். இருபத்திரண்டு பை ஏழு. இத்தனை வருடமாக மண்டையில் சுமந்த அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. சந்தோஷத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது. மேடம் இருப்பதே மறந்துபோயிற்று.

மணி அடித்ததும் மேடம் ஞாபகத்துக்கு வந்தார். அதே நேரம் எட்டுப் பேரும் மேடத்துக்கு முன்னாலேயே வரிசை நம்பர்படி வந்து நின்றார்கள்.

"சார், எம் பதிலச் சொல்லிட்டேன்லா, மிட்டாய்?" என்று நாலாவது ஆள் முந்திக்கொண்டு கையை நீட்டினான்.

"ஏலே, நான் மூணு, நீ நாலு. பொறத்த போ" என்றான் முத்துக்குமார்.

எனக்கு மேசைக்கு அடியில் டின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. மேடம் வந்து வரிசையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ரிப்பனை முடிந்துகொண்டிருந்த மாரிச்செல்வியிடம் கேட்டார்.

"நீ ஏன் வரிசையில நிக்கல? உன் பதில் என்ன?"

"எனக்கு சார் பதில் தரல மேடம். நான் கேள்வி கேப்பேன்னு தூணுக்குப் பொறத்த உக்கார வச்சிட்டாவ."

அந்தப் பிள்ளை கோள் மூட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. தலையைத் தூக்கவே முடியவில்லை.

மேடம் டின்னிலிருந்து முதல் மிட்டாயை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். இரண்டாவதைத் தான் வாயில் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். "நல்ல மிட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைப் பாராட்டாக எடுப்பதா, வேறு தொழில் பார்க்கச் சொல்கிறாரா என்று ஒரு மாதம் யோசித்தேன்.

அன்று வீட்டில் அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். 'சரி, விடு' வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா யோசித்துவிட்டு, "எல்லா வட்டத்துக்கும் மூணே சொச்சமாலே?" என்று கேட்டார். எழுந்துபோய் அம்மாவின் தோசைக்கல்லையும் ஒரு சணல் கயிற்றையும் எடுத்துவந்தார்.

தேர்வில் பாஸ். விளிம்பில் தொங்கிக்கொண்டுதான், ஆனாலும் பாஸ். எதற்காகப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் விரிவுரையாளருக்கும் தெரியாது, அவரும் குழம்பிப்போய்த்தான் கை கொடுத்தார். இப்போது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். என் வகுப்பில் தூணுக்குப் பின்னால் யாரையும் உட்காரவைப்பதில்லை. ஜன்னல் வழியாகப் பருத்திக்காட்டைப் பார்க்க இதுவரை நேரமும் கிடைத்ததில்லை.

வீட்டில்தான் மானம் போய்விட்டது. "சாப்பாட்டுக்கு என்ன?" என்று கேட்டால் மனைவி "விட்டம் சார்" என்பாள். "போன்ல யாரு?" என்றால் அப்பா "ரெண்டு மடங்கு" என்பார். போன வாரம் மகள் பள்ளியிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். கணக்குப் பரீட்சை பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"எத்தன மார்க்கும்மா?"

"நாப்பத்திநாலு சென்டிமீட்டர் சார்."

"மிக நன்று" என்றேன். அதற்குள் அவள் உள்ளே ஓடிவிட்டாள்.