மன்னரின் மாடித் தொட்டி

அரைகுறையாகப் படித்தவர்களால் ஊருக்கு வரும் ஆபத்து கொஞ்சம்தான். ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு, அதை உடனே செயல்படுத்தத் துடிப்பவர்களால் வருவது அதிகம். தொண்ணூறுகளில், கோவையில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் இரண்டாவது வகை.

கல்லூரி நூலகத்தில் பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. ஏதென்ஸ் நகரத்தில் நாடகம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லையாம், ஊர்க் காரியமாம். பணக்காரர் ஒருவர் செலவை ஏற்பார். முகமூடி அணிந்த குழு ஒன்று ஊர்மக்களாக நின்று மன்னனிடம் பேசும். மன்னன் ஆணவத்தால் விழுவான், நீதி நிலைக்கும். எனக்கு அது ஒரு சர்க்யூட்டாகவே தெரிந்தது. ஆணவம் அளவு மீறினால் ஃபியூஸ் போகும். (யாருடைய ஃபியூஸ் என்று புத்தகத்தில் இல்லை.)

எங்கள் காலனி ஆண்டு விழாவுக்கு அப்படி ஒன்று எழுதினேன். நாட்டில் பஞ்சம்; யாரோ தண்ணீரைத் திருடுகிறார்கள்; மன்னன் சபதம் செய்கிறான். செலவை ஏற்றவர் காலனித் தலைவர். அவரேதான் எங்கள் வீட்டு ஓனர்; மாடியில் அவர், கீழே நாங்கள். பணம் தந்தவருக்குக் கிரீடமும் தர வேண்டியிருந்தது.

கதையைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது.

“தண்ணி வேண்டாங்கண்ணு. மாடு காணாமப் போவட்டும்.”

“மாடு போனா துன்பியல் ஆவாதுங்ப்பா.”

“நாம அவரு ஊட்டுல குடியிருக்கறோம். அத மறந்துபோடாத.”

காலனியே சிறுவாணித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த அந்தக் கோடையில், எங்கள் குழாய் மட்டும் பொங்கியது. பிளம்பிங் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். (பொறியியல் மாணவி!)

ஊர்மக்கள் குழுவுக்குக் கடைசி வீதிப் பெண்கள் ஐந்து பேர் கிடைத்தார்கள். யாருக்கும் வசனம் மனப்பாடம் ஆகவில்லை. “ஊர்ச்சனம் என்ன கேப்பாங்களோ, அதயே கேளுங்க்கா” என்று சொல்லி அட்டை முகமூடிகளைக் கொடுத்தேன். முகத்தை மறைத்துக் கையில் மைக்கையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை.

விழா நாளில் ஓனர் கிரீடத்தோடு கர்ஜித்தார்: “தண்ணீரைத் திருடியவன் என் அரண்மனையிலேயே இருந்தாலும் நாடு கடத்துவேன்!”

கைதட்டல் ஓய்ந்ததும், முகமூடிக்குள்ளிருந்து சரசு அக்கா பணிவோடு கேட்டார்: “ஏனுங்க மன்னா, நாடே காஞ்சு கெடக்குதுங்க. உங்க மாடித் தொட்டி மட்டும் எப்படிங்க நெறஞ்சு வழியுது?”

மன்னர் என்னைப் பார்த்தார். நான் வசனத்தாளைப் பார்த்தேன்.

“கார்ப்பரேசன் பைப்புலயே நேரா மோட்டாரு மாட்டி உறிஞ்சிப்போட்டீங்களாமா?” என்றது இன்னொரு முகமூடி.

“என்ர மோட்டாரு, என்ர கரண்ட்டு! உங்களுக்கென்னங்க?” என்றார் மன்னர், மைக்கில்.

நாயகனுக்கு உண்மை வெளிப்படும் கட்டம்தான் துன்பியலின் உச்சம் என்று புத்தகம் சொல்லியிருந்தது. இங்கே நாயகனுக்கு அது முன்பே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். தெரியாமல் நாடகம் எழுதியவள் நான்தான்.

“தீர்ப்பு சொல்லுங்க மன்னா!” ஐந்து முகமூடிகளும் ஒரே குரலில் கேட்டன. ஒத்திகையில் ஒருநாளும் அப்படிச் சேர்ந்து பேசியதில்லை.

முன்வரிசையில் ஓனரின் மனைவி எழுந்தார். “அந்தக் கிரீடத்தக் கழட்டிப்போட்டு ஊட்டுக்கு வாங்க!”

மறுநாள் மோட்டார் கழன்றது. கடைசி வீதிவரை சிறுவாணி எட்டியது. தீர்ப்பும் நிறைவேறியது. அந்த மாதமே நாடு கடத்தல், கடத்தப்பட்டவர்கள் நாங்கள். பீரோ, கட்டில், கிரைண்டர், நாடகாசிரியை எல்லாம் ஒரே டெம்போவில் ஏறினோம். சரசு அக்கா நிறைகுடத்தை இறக்கி வைத்துவிட்டு வழியனுப்பினார்: “நாடகம் சூப்பரு அம்மணி! போற காலனியிலயும் ஒண்ணு போடு!”

இப்போதும் வீட்டில் யாராவது, “டப்பாவுல இருந்த மைசூர்பாக யாரு தின்னது?” என்று குரல் உயர்த்தினால், அப்பா செய்தித்தாளிலிருந்து தலை தூக்க மாட்டார். (தின்றது பெரும்பாலும் அவர்தான்.)

“விசாரணையெல்லாம் வேண்டாஞ்சாமி. இன்னொருக்கா டெம்போ புடிக்க என்னால ஆவாது.”