கலப்புப் பணியாளர் தேவை

திருத்தணி மலையடிவாரத்திலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற ரோட்டில், வெளியூர் பஸ்கள் நிற்கிற மைதானத்தை ஒட்டி, குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் குப்பை இருந்தது. அதைப் பிரிக்கக் கன்னியம்மாள் இருந்தார். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. வாழையிலை ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், தேங்காய் ஓடு ஒரு பக்கம் என்று சாயங்காலத்துக்குள் பிரித்து முடித்துவிடுவார். இது மிகவும் பின்தங்கிய முறை என்பது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தவர் கழிவு நவீனமயச் சிறப்புப் பிரிவின் அதிகாரி நாகேந்திரன். ஒன்பது நாள் வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்தவர். அங்கே மக்கள் தாங்களே பெட்ரோல் போட்டுக்கொள்கிறார்களாம், தாங்களே காபி பிடித்துக்கொள்கிறார்களாம். "எந்த வேலைக்கும் ஆள் இல்லை என்றால் நாடு முன்னேறிவிட்டது என்று பொருள்" என்று கூட்டம் போட்டுப் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். கன்னியம்மாளும் தட்டினார், அந்த ஆள் தான்தான் என்று அவருக்கு அப்போது தெரியாது.

கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடி அறை வந்தது. அறைக்குள் ஆளுயர மெஷின் ஒன்று வந்தது. பொதுமக்கள் குப்பையைத் தாங்களே கொண்டுவந்து, தாங்களே பொத்தானை அழுத்தி, தாங்களே பிரித்துப் போட்டு, தாங்களே டோக்கன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்படியானால் சிறப்புப் பிரிவுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். கண்காணிப்பு என்று பதில் வந்தது.

"இந்தாம்மா, ஒரு நாளைக்கு நூறு பேர் வந்து பழகிட்டாங்கன்னா நீ நின்னுக்கலாம்" என்றார் நாகேந்திரன்.

"வரலன்னா சார்?"

"வராம எப்படி இருப்பாங்க? இது நவீனம்."

போர்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. நான் கங்காதரன், இந்த ஊரில் முக்கால்வாசிப் போர்டு என் கைதான். 'சுயசேவைத் திடக்கழிவுத் தரம் பிரிப்பு நிலையம்' என்று எழுத வேண்டும். எழுத்து ஒரு அடி உயரம் இருக்க வேண்டும் என்று ஒரு ஆர்டர். போர்டு ஆறடி நீளம் இருக்க வேண்டும் என்று இன்னொரு ஆர்டர். இரண்டையும் ஒரே அதிகாரிதான் போட்டிருந்தார்.

"சார், 'சுயசேவை'யோட போர்டு முடிஞ்சிடுது."

"மீதியைப் பின்பக்கம் எழுது."

பின்பக்கம் சுவர். ஆனால் ஆர்டர் ஆர்டர்தானே, எழுதினேன். ஆந்திர எல்லையோர ஊர் என்பதால் முன்பக்கம் கீழே தெலுங்கிலும் போடச் சொன்னார். 'ஸ்வயம் சேவா' என்று அழகாக, குங்குமச் சிவப்பில் போட்டேன்.

முதல் பதினைந்து நாள் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. சொந்தக் குப்பையைக் கையில் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடக்க எங்களுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரர் ஒருவர் மட்டும் நூல் கழிவு கொண்டுவந்தார். மெஷினில் நூலுக்குப் பொத்தான் இல்லாததால் திரும்பக் கொண்டுபோனார். நாங்கள் வழக்கம்போல வாசலில் பையை வைத்தோம், வழக்கம்போல வண்டி வந்து அள்ளியது. பிரித்தது வழக்கம்போலக் கன்னியம்மாள். மெஷின் காட்டுகிற ஆள் கணக்கில் பூஜ்யம் பார்க்கப் பார்க்க அவருக்கு உயிர் வந்தது.

பதினாறாம் நாள் நகரியிலிருந்து ஒரு பஸ் வந்தது. நாற்பது பேர். தலைமை தாங்கி வந்தவர் சுலோச்சனா என்கிற அம்மா. போர்டைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலைக்கோயில் ஊரில் சேவா என்று சிவப்பில் எழுதியிருந்தால் யார்தான் சும்மா போவார்கள்? தேங்காய், பழம், மாலையோடு நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். "தங்கள் திடக்கழிவினை உள்ளிடுக" என்றது மெஷின். அந்தத் தமிழ் எங்களுக்கே புரியாது. அவர்கள் அதை மந்திரம் என்று நினைத்து அரோகரா போட்டார்கள்.

கன்னியம்மாள் பதறிக்கொண்டு ஓடினார். "அம்மா, அம்மா! இதி செத்த!" என்றார். தெலுங்கில் செத்த என்றால் குப்பை.

சுலோச்சனா அம்மா நின்றார், யோசித்தார். "குப்பைன்னா இன்னாம்மா? மலை மேல பெருக்கினா சேவை, கீழ பிரிச்சா சேவை இல்லியா?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

கன்னியம்மாள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் தெர்மாகோலைக் கொண்டுபோய் வாழையிலையோடு சேர்த்ததை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "அப்டி இல்லீங்க, இத இந்தப் பக்கம் போடணும்" என்று ஆரம்பித்தவர், ஒரு மணி நேரத்தில் நாற்பது பேருக்கும் தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். எல்லோரும் பொத்தானை அழுத்தி, டோக்கனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மலையேறினார்கள்.

அடுத்த வாரம் பன்னிரண்டு பஸ். அதற்கடுத்த வாரம் எங்கள் ஊர்க்காரர்களுக்கே ஆசை வந்துவிட்டது. சொந்த வீட்டுக் குப்பையை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வைத்தவர்கள், குளித்து முழுகி வந்து அதே குப்பைக்கு வரிசையில் நின்றார்கள். தினம் எண்ணூறு பேர். நாகேந்திரன் பூரித்துப்போனார். கன்னியம்மாளை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

ஆனால் ஒரு சிக்கல். காலை ஒன்பது மணிக்கே குப்பை தீர்ந்துவிட்டது. மணவூரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் சேவை கிடைக்கவில்லை என்று சண்டை போட்டார்கள். பயனாளி எண்ணிக்கை சரிந்தது. நவீனத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு நாகேந்திரன் தலையில் விழுந்தது.

"பிரித்த குப்பையை மாலையில் மறுபடி கலந்துவிட்டால், காலையில் பிரிக்கலாம்" என்று முடிவெடுத்தார். அதற்கு ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்கப்பட்டது: கலப்புப் பணியாளர், ஒன்று. கல்வித் தகுதி தேவையில்லை. முன் அனுபவம்: பலவகைக் குப்பைகளைப் பாகுபாடின்றிக் கலப்பதில் குறைந்தது பத்தாண்டுகள்.

கன்னியம்மாள் மனுப் போட்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "மனுதாரருக்குப் பிரிப்பதில் மட்டுமே அனுபவம் உள்ளது. கலக்கச் சொன்னால் பிரித்துவிடும் அபாயமும் உள்ளது" என்று எழுதியிருந்தது.

"பதினோரு வருசம் இதுலயே கெடந்தேன் சார்" என்றார் அவர்.

"அதுதான் சிக்கலே. இந்த ஊரில் குப்பையைக் கலக்காத ஒரே ஆள் நீதான்" என்றார் நாகேந்திரன்.

அது உண்மை. மற்ற எல்லோருக்கும் தகுதி இருந்தது. நிரந்தர வேலை என்றதும் நானூறு பேர் மனு வாங்கினோம். ஆனால் அனுபவச் சான்று வேண்டும், அதுவும் குப்பையை நேரில் கையாண்டவரிடமிருந்து. ஊரில் அப்படி ஒருவர்தான் உண்டு. ஆகவே நானூறு பேரும் கன்னியம்மாள் முன்னால் வரிசையில் நின்றோம். அவர் சொல்ல நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு ஒரு வீடும் மறக்கவில்லை. "ஹெட்மாஸ்டர் சாய்கிருஷ்ணன். ஒடஞ்ச ட்யூப்லைட்ட வாழையிலைல சுத்தி அனுப்புவாரு. ரெண்டு வாட்டி கைய கிழிச்சிக்கினேன். நல்லா எழுதுங்க."

ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, "பத்து வருஷத்துக்கு மேலன்னு போடச் சொல்லும்மா" என்றார்.

"ஆங், அதுவும் எழுதுங்க."

கடைசியில் என் முறை வந்தது. கேட்க வாய் வரவில்லை. ஆனால் மனுவை மடித்து உள்ளே வைக்கவும் கை வரவில்லை.

"உங்க வூட்டுப் பையத் தொறக்காமலே சொல்லுவேன் பெயிண்டரே" என்றார். "பெயின்ட் தொடச்ச துணி, மிச்ச சோறு, சவர பிளேடு. மூணும் ஒண்ணா. உங்கள மாதிரி யாரும் கலக்கினதில்ல. மொத எடம்னு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் அந்த பிளேடு ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் மனுவைத் திரும்ப வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை எனக்கே கிடைத்தது. மாதக் கடைசியன்று சாவியை ஒப்படைக்கக் கன்னியம்மாள் வந்தார். மறுநாளிலிருந்து கண்டிகைப் பக்கம் வேர்க்கடலை பிடுங்கப் போவதாகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டார்.

என் முன்னால் மூன்று குவியல்கள் இருந்தன. இலை, பிளாஸ்டிக், கண்ணாடி. அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

"எப்படிக் கலக்கறது கன்னிம்மா?" என்று கேட்டேன்.

"வூட்டுல எப்படி? யாரு எடுக்கறாங்கன்னு நெனக்காம போடுவீங்கல்ல? அப்டியே போடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.