மில்லியின் சிவப்புக் கோடு

செங் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் பொறுமையே இல்லாமல் பிறந்தவர் மில்லி ஒருவர்தான். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றாலும் கால் ஆடும்.

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் லைன் பார்ப்பது அவர் வேலை. யாரைக் கண்டாலும் "எத்தனை மில்லி?" என்பார். அவர் கேட்டது மில்லி செகண்ட். ஒரு செகண்டை ஆயிரமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த புது லோரி டிரைவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

"சத்தியமா ஒண்ணும் குடிக்கல சார்! ஊதிக் காட்டவா?"

அன்று முதல் அவர் மில்லி.

கையில் எப்போதும் போன். அதில் ஒரு கோடு ஓடும். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஓடுமே, அது மாதிரி.

"கிணத்துல கல்லப் போட்டா சத்தம் வர நேரமாகும்ல அண்ணே? அதான் இது. இங்கேருந்து ஒண்ணு அனுப்பும். பதில் வர எவ்வளவு நேரமாச்சுன்னு அப்பவே வரைஞ்சு காட்டும். சீக்கிரம் வந்தா பச்சை. லேட்டா வந்தா சிவப்பு."

சிவப்பைக் கண்டால் ஓடுவார்.

ஒரு தடவை தஞ்சோங் கிளிங்குக்குப் பெண் பார்க்கப் போனார். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். பெண் தலையாட்டியது. மில்லி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூவாயிரத்து இருநூறு மில்லி அண்ணே. எனக்குச் சரிப்படாது லா."

பெண் வீட்டார் அதைவிடச் சீக்கிரம் வாசலைக் காட்டினார்கள்.

ஆகவே காலையில் கடைத் தோசைதான். நான் கேட்டில் ஜாகா, அதாவது காவல்காரன். என் அறையில் மைக்ரோவேவ் இருந்தது. பத்து மணிக்கு ஆறிய தோசையோடு வருவார். உள்ளே வைப்பார். போனில் சிவப்பு வரும். தோசையை விட்டு ஆபீஸ் மாடிக்கு ஓடுவார். போய்ச் சேர்வதற்குள் பச்சை. திரும்பி வருவார். தோசை ஆறியிருக்கும். மறுபடி வைப்பார். மறுபடி சிவப்பு.

இங்கே என் பாடு வேறு. லோரிச் சீட்டை நான் ஸ்கேன் செய்தால் அது வைஃபை வழியாகப் போய், ஆபீஸ் கம்ப்யூட்டர் பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் கேட் திறக்கும். பத்து மணிக்கு மட்டும் பதில் வராது. லோரிகள் ரோடு வரை நிற்கும். நான் தூங்குகிறேன் என்று மேனேஜர் முடிவு செய்தார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை போகும். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. வேறு எவன் எடுப்பான்?

மூன்றாவது கடிதத்தோடு ஒரு நாள் மேனேஜரே வந்தார். மில்லி அப்போதுதான் தோசையை உள்ளே வைத்திருந்தார்.

"என்னா அண்ணே, மறுபடியும் தூக்கமா?"

மேனேஜர் கடிதத்தை நீட்டினார். மில்லி, சிவப்புக் கோடு ஓடிய போனை மேனேஜர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்க சார். இவரு ஸ்கேன் பண்ணது இங்க. பதில் வந்தது அங்க. நடுவுல இருக்கறது இவரு தூக்கம் இல்ல, லைன்."

"லைன் உங்க வேலைதானே? ஏன் லேட்டு?"

மில்லி மாடிக்கு ஓடப் பார்த்தார். மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஓடறீங்க? நில்லுங்க லா."

நின்றார். மைக்ரோவேவ் 'டிங்' என்றது. கோடு பச்சையானது.

மில்லி தோசையைப் பார்த்தார். அதற்கு மேலே சுவரில் இருந்த வைஃபை பெட்டியைப் பார்த்தார். மைக்ரோவேவை ஓடவிட்டார். சிவப்பு. நிறுத்தினார். பச்சை. மேனேஜருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மில்லி வாயைத் திறக்காவிட்டால் கடிதம் எனக்கு.

மில்லி பதில் சொல்லப் பத்தாயிரம் மில்லி ஆனது. மனசுக்குள் எண்ணினேன்.

"சார், அந்த லெட்டர்ல பேர மாத்துங்க. தப்பு என் தோசை மேல. இது ஓடுனா வைஃபை கலங்குது. மூணு மாசமா நான்தான் கேட்ட அடைச்சிருக்கேன்."

பெயர் மாறியது; மில்லிக்கு அது முதல் கடிதம். மைக்ரோவேவ் கேன்டீனுக்குப் போனது. டிரைவர்கள் விடவில்லை.

"மில்லி சார், இன்னிக்கு தோசை பச்சையா, சிவப்பா?"

இப்போதும் பத்து மணிக்கு என் அறைக்குத்தான் வருகிறார். ஆறிய தோசையை நின்றபடியே தின்கிறார். பாதியில் ஓடுகிறார். கேன்டீன் தூரமில்லை. என் சாப்பாட்டை நான் போய்ச் சூடு பண்ணிக்கொள்ளலாம். போவதில்லை. அவர் வரும்வரை பொட்டலத்தைப் பிரிப்பதும் இல்லை.