அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே விடை வந்த காரணம்

மயிலிட்டி,
11.03.2025

கல்வி உளவியல் படிப்பிக்கும் மதிப்பிற்குரிய கலாநிதி யோசப்பின் மிஸ் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் நோய்நொடியின்றி இருக்க மாவிட்டபுரத்துக் கந்தனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். தாங்கள் வேதக்காரர் என்று அறிவேன். கந்தன் அதையெல்லாம் பார்ப்பதில்லை. நான் தங்களிடம் கல்வி முதுமாணி படிக்கும் குணலட்சுமி ரீச்சரின் கணவன் சோமசேகரம். துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துகிறேன், கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். இக்கடிதம் அவவுக்குத் தெரியாமல் எழுதப்படுகிறது.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையால் பெற்றோருக்கு வரும் பயம் பதகளிப்பு எவ்வளவு என்று அறிய அவ கொடுத்த வினாக்கொத்து அறுபத்திரண்டும் ஒரு புள்ளடி பிசகாமல் ஒரே மாதிரித் திரும்பி வந்ததும், போன ஞாயிற்றுக்கு முந்திய ஞாயிறு தாங்கள் அவவைக் கூப்பிட்டு, "குணலட்சுமி, உதுகளை நீங்களே இருந்து நிரப்பினீங்களோ?" என்று கேட்டதும், வருகிற வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடினால் அவவின் பெயரை வெட்டிவிடலாம் என்பதும் அவ வந்து சொல்லி எனக்குத் தெரியும். அவ ஒன்றையும் நிரப்பவில்லை. செய்தது நான்தான். எப்படிச் செய்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

அவவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓய்வில்லாததால் வினாக்கொத்துகளை வீடு வீடாகக் கொடுத்துச் சேர்த்து வரும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை கொடுத்து முடித்தேன். சனிக்கிழமை விடிய எஞ்சின் கொட்டிலுக்கு முன்னால் பதினைந்து பெண்கள் தாளோடு நிற்கிறார்கள். "அண்ணை, உதுக்கு என்ன போடோணும்?" என்றார்கள். மனதில் உள்ளதைப் போடச் சொன்னேன். "மனசிலை உள்ளதைப் போட்டுத்தானே கதிரவேலண்ணைக்கு வீடு போனது" என்றார்கள். மிஸ் இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கடை சனம் சண்டையால் இடம்பெயர்ந்து, இருபத்தேழு வருசம் முகாம் முகாமாக இருந்து படிவம் நிரப்பின சனம். அரிசிக்குப் படிவம், தறப்பாளுக்குப் படிவம், சொந்தக் காணியைப் போய்ப் பார்க்க ஒரு படிவம். கதிரவேலு என்பவர், நல்ல மனிசன், பொய் சொல்லத் தெரியாது, வீட்டுத்திட்டப் படிவத்தில் 'தற்போது கூரை உள்ளதா' என்று கேட்டதற்கு, மழைக்கு இரண்டு தகரம் போட்டிருக்கிறோமே என்று நினைத்து 'ஆம்' என்று போட்டார். அந்த இரண்டு தகரத்துக்குக் கீழேதான் இன்றைக்கும் படுக்கிறார். ஆகவே படிவம் என்று ஒன்று வந்தால் அதற்குச் சரியான விடை ஒன்று இருக்கிறது, பிழையாகப் போட்டால் ஏதோ ஒன்று கையை விட்டுப் போகும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவ ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் 'இதில் சரி, பிழை என்று எதுவும் இல்லை' என்று அச்சடித்திருந்தா. அதைப் பார்த்துத்தான் சனம் இன்னும் பயந்தது.

எனக்கும் சரியான விடை தெரியாது. இரண்டாம் கேள்வி, 'பிள்ளை குறைந்த புள்ளி எடுத்தால் எனக்கு நித்திரை வராது' என்பது. ஒருபோதுமில்லை, அரிதாக, சிலவேளை, அடிக்கடி, எப்போதும் என்று ஐந்து கட்டம். நித்திரை வராது என்றால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ, வரும் என்றால் பிள்ளையில் அக்கறை இல்லை என்பார்களோ? தெரியாத எஞ்சினைக் கழற்றினால் பூட்டத் தெரிந்தவனிடம் கொண்டுபோக வேண்டும். புலமைப்பரிசில் வகுப்பு நடத்தும் கஜானன் மாஸ்டரிடம் ஒரு வெறும் தாளைக் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டு, "உது சின்ன வேலை அண்ணை, ரெண்டு மணித்தியாலத்திலை முடிக்கலாம்" என்றார். அன்று பின்னேரமே சங்க மண்டபத்தில் பெற்றோருக்கு வகுப்பு வைத்தோம். அறுபத்திரண்டு பேரும் வந்தார்கள். சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஒருநாளும் அவ்வளவு பேர் வந்ததில்லை.

மாஸ்டர் நாற்பது விடையையும் கரும்பலகையில் எழுதினார். பயமில்லை என்று காட்டத்தான் வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் 'ஒருபோதுமில்லை' போட்டால் சந்தேகம் வரும், ஆனபடியால் ஏழுக்கும் இருபத்தொன்றுக்கும் 'அரிதாக' போடுங்கோ என்றார். கஜந்தினி என்ற தாய் எழும்பி, "மாஸ்டர், போன வருசம் மூத்தவன் சோதினை எழுதேக்கை நான் வாசலிலை நிண்டு சத்தி எடுத்தனான். வயித்தைக் கலக்கும் எண்ட கேள்விக்கு என்ன போட?" என்று கேட்டா. "அது போன வருசம். இந்த வருசத்துக்கு ஒருபோதுமில்லை போடுங்கோ" என்றார். பதினெட்டாம் கேள்வி 'என் பிள்ளையைக் கட்டி அணைப்பேன்' என்பது. மாஸ்டர் வந்த வேகத்தில் அதற்கும் 'ஒருபோதுமில்லை' என்று எழுதிவிட்டார். ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள்தான். "போட்டதைப் பாத்து எழுதுங்கோ, இடையிலை கேள்வி கேக்க வேண்டாம்" என்று அதட்டினது அவரில்லை, நான்தான். இப்படித்தான் மயிலிட்டியில் ஒரு தாய் தகப்பனும் பிள்ளையைக் கட்டி அணைப்பதில்லை என்று தங்கள் மேசைக்கு அறுபத்திரண்டு தாள் வந்தது. பிள்ளைகளைக் கீழே இறக்கிவிடத் தெரியாத சனம், மிஸ். வகுப்பு நடந்த இரண்டு மணித்தியாலமும் பாதிப் பேரின் மடியில் பிள்ளை இருந்தது.

என் மனைவியைப் பற்றி ஒரு சொல். மூன்று வருசமாகச் சனியும் ஞாயிறும் விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, பலாலி வீதியால் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே திருநெல்வேலிக் கம்பஸுக்கு வாறா. முன்னர் நான் வேலையால் வந்து கழற்றும் எண்ணெய்ச் சேட்டைக் கதிரையில் போட்டால் ஏசுவா. தங்களிடம் படிக்கத் தொடங்கின பிறகு ஏசுவதில்லை, கொடியில் போட்ட அன்றைக்கு மட்டும் மேலதிகமாக ஒரு பிளேன்ரீ தருவா. படிப்பில் அதற்கு 'வலுவூட்டல்' என்று பெயராம். நாயைப் பழக்கும் முறை என்று பிறகுதான் அறிந்தேன், ஆனாலும் சேட்டு இப்போது கொடியில்தான் கிடக்கிறது. இருபது வயதில் கம்பஸுக்கு எடுபட வேண்டிய பிள்ளை, சோதினை வருசம் இடம்பெயர்ந்து, கோயில் மடத்தில் இருந்து படித்து மூன்று புள்ளியால் தவறினவ. நாற்பத்தேழு வயதில் எடுக்கப்போகிற பட்டத்தை என்னுடைய உபகாரம் பறித்துவிடுமோ என்று நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ படிப்பது எனக்குப் பெருமை. அதை நான் இதுவரை அவவிடம் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம்.

ஆகையால், அவ நிரபராதி என்று ஆய்வுக் குழுவுக்கு எடுத்துச் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்கிறேன். தண்டனை ஏதும் இருந்தால் எனக்குத் தரலாம். கம்பஸில் ஓடாத எஞ்சின், ஜெனரேற்றர் ஏதும் கிடந்தால் வந்து திருத்தித் தருவேன். இனி என் சீவியத்தில் எந்தப் படிவத்துக்கும் எவருக்கும் விடை சொல்லவும் மாட்டேன், எவரிடமும் விடை கேட்கவும் மாட்டேன் என்று இத்தால் உறுதி கூறுகிறேன்.

தங்கள் மாணவர்கள் எல்லோரும் நல்ல சித்தி பெறவும், தாங்கள் பேராசிரியராக உயரவும் கந்தனும் மாதாவும் துணை நிற்க வேண்டும்.

இங்ஙனம்,
மன்னிப்பை எதிர்பார்க்கும்
க. சோமசேகரம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவ கண்டுவிட்டா. நின்றபடியே முழுவதையும் வாசித்துவிட்டு, "என்னப்பா, ஒன்பது நாள் எடுத்திட்டியள். ஏழிலை சொல்லுவார் எண்டுதான் மிஸ் சொன்னவ" என்கிறா. அந்த ஞாயிறு திரும்பி வரும் பஸ்ஸிலேயே கஜந்தினி பக்கத்தில் இருந்து, "ரீச்சர், பதினெட்டாவது விடை பிழையாமே, எங்களுக்குப் புள்ளி குறைப்பினமோ?" என்று கேட்டாவாம். அவ பஸ்ஸில் இருந்தே தங்களுக்குப் போன் எடுத்தாவாம். பெயரை வெட்டுகிற கதையே இல்லையாம், வெள்ளிக்கிழமைக் கூட்டம், சனம் ஏன் படிவத்துக்கு மாதிரி விடை தேடுகிறது என்ற புதுத் தலைப்பை ஏற்றுக்கொள்வதற்காம். நான் யாரும் கேளாமல் நானாக எப்போது வாய் திறக்கிறேன் என்று இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். கொப்பி ஒன்றைக் காட்டினா. 'பங்குபற்றுநர் 63. மூன்றாம் நாள்: சோறு பாதி. ஆறாம் நாள்: கூப்பிட்டதற்கு இரண்டு தரம் ஓம் என்றார், வரவில்லை' என்று திகதி போட்டு எழுதியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, ஆனால் 'அவ படிப்பது எனக்குப் பெருமை' என்ற வரியைத் திரும்பவும் வாசித்துவிட்டு அவ குசினிக்குள் போய் ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தா. ஆனபடியால் அதைக் குடித்துவிட்டு, ஏச வந்ததை விட்டுவிட்டேன்.

இக்கடிதம் ஆய்வில் பின்னிணைப்பாக வருமாம். அதற்குச் சம்மதப் படிவம் தந்திருக்கிறா. கையெழுத்து வைத்துவிட்டேன். கீழே ஒரே ஒரு கேள்வி: 'இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருந்தது.' ஐந்து கட்டம். மத்தியானம் தொடக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ வாய் திறக்கிறா இல்லை. எதைப் போட்டால் அவவுக்குப் பட்டம் கிடைக்குமோ அதையே போடுகிறேன், மிஸ். எது என்று மட்டும் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கோ.