கைபேசித் தகுதி ஆய்வின் ஏழாவது கூட்டம்

சியோல் நகரத்து வட்ட அலுவலகம் ஒன்றின் பனி அகற்றும் பிரிவில், ஒரே பொருள் குறித்து ஏழாவது முறையாகக் கூட்டம் கூடியது. புதிதாக வந்திருக்கும் உயர்ரகக் கைபேசி, கையிலிருப்பதை விட்டுவிட்டு வாங்கும் தகுதி உடையதா, இல்லையா?

பிரிவுத் தலைவர் மெங் வாங்குவது அவருடைய சொந்தக் கைபேசிதான். ஆனால் அது அவரோடு முடிகிற விஷயம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போனால் அவர் கறுப்புக் குழம்பு நூடுல்ஸ் சொல்வார். மற்ற ஆறு பேரும் அதைவிட விலை கூடிய எதையும் சொல்ல மாட்டார்கள். கைபேசிக்கும் அதே முறைதான். தலைவருடையது நான்கு ஆண்டுக்கு முந்தைய மாதிரி. அதைவிடப் புதியதை வைத்திருந்தால் அகம்பாவம். அதையே வைத்திருந்தால் சமத்துவம், அது அகம்பாவத்தைவிட மோசம். அதற்கும் பழையதை வைத்திருப்பதுதான் பணிவு.

பிரிவின் கடைசி ஊழியை மி-ரேயின் பணிவுக்கு ஆறு வயதாகியிருந்தது. அதற்கு பேட்டரி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஜனவரிக் குளிரில் அது நினைத்தபோது அணைந்துவிடும் என்பதால், கையைச் சூடாக்கும் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து கம்பளிக் காலுறைக்குள் போட்டு, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தாள். காரணம் இருந்தது. அரசு வாடகை வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் அவள்தான் முதல் ஆள். ஒருவர் விலகியிருந்தார். இன்று அழைப்பு வரும். எடுக்காவிட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. அதையும் எடுக்காவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு. இரண்டு ஆண்டாக அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கக்கூடிய ஓர் அறையில் குடியிருந்தாள்.

துணைத் தலைவர் பியோன் ஒப்பீட்டு அட்டவணையை வாசித்தார். "தடிமன், போன மாதிரியைவிட ஒரு மில்லிமீட்டரில் பத்துல மூணு பங்கு குறைவு. நிலாவைப் படம் எடுத்தா குழியெல்லாம் தெரியுது சார்."

"நிலாவுல நமக்கு என்னய்யா வேலை?"

"அவசரத்துக்கு உதவும் சார்."

தலைவர் யோசித்தார். "பயன்படுத்தினவங்க கருத்துன்னு ஒரு கட்டம் இருக்கே, ஏன் காலியா இருக்கு?"

"நீங்க வாங்காம நாங்க எப்படி சார் பயன்படுத்த முடியும்?"

"அது சரி."

கட்டத்தை நிரப்பப் போன வாரம் மி-ரேயைக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். 'கையில் பிடித்துப் பார்த்தேன். சங்கிலியால் கட்டியிருந்தது' என்று எழுதி வந்தாள். அது கருத்தாகாது என்று பியோன் அடித்துவிட்டார்.

மடியில் காலுறை நடுங்கியது. மி-ரே எடுத்து அழுத்தினாள். திரை ஒருமுறை மின்னி அணைந்தது.

"சார், வீட்டு விஷயமா கூப்பிடறாங்க. என்னோடது செத்துப்போச்சு. யாராவது ஒரு நிமிஷம் ஃபோன் தர முடியுமா?"

ஆறு கைகள் ஆறு சட்டைப்பைகளை மூடிக்கொண்டன.

"என்னோடதுலயும் சார்ஜ் இல்லம்மா," என்றார் பியோன்.

"எனக்கும் காலையிலேயே போச்சு," என்றார் பக்கத்தில் இருந்தவர். மற்ற மூவரும் தலையசைத்தார்கள்.

"பழைய ஃபோன்னா அப்படித்தான்," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "கூட்டம் முடியட்டும், கீழ போய் ஆபீஸ் ஃபோன்ல பேசிக்கலாம். பியோன், திரையோட வெளிச்சத்துக்கு வாங்க."

தலைவர் பேசும்போது எழுந்து போகும் வழக்கம் இல்லை. திரையின் வெளிச்சம் ஒன்பது நிமிடம் ஆராயப்பட்டது. பத்தாவது நிமிடம் மி-ரே எழுந்தேவிட்டாள். அந்த நேரத்தில் அறை அலறியது.

பேரிடர் எச்சரிக்கை. நகரத்துக் கைபேசிகள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் ஊளையிடும் ஒலி. சார்ஜ் இல்லாத ஆறு கைபேசிகளும் சட்டைப்பைகளுக்குள்ளிருந்து கத்தின. பதறிப்போய் வெளியே எடுத்தார்கள். எல்லாவற்றிலும் புத்தம்புதுத் திரை. பின்பக்கம் மட்டும் பழைய மாதிரியின் உருவம் அச்சடித்த உறை. திரைகளில் ஓடியது: 'கடும் பனிப்பொழிவு. வட்ட அலுவலகம் முழுவீச்சில் பனியை அகற்றி வருகிறது.'

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இது... ஆய்வுக்காக வாங்கினது," என்றார் தலைவர். "எனக்கு மேல இருக்கற இயக்குநர் இன்னும் பழசுதான் வச்சிருக்கார். நான் எப்படி வெளிய எடுக்கறது?"

"என்னோடதும் ஆய்வுக்குத்தான் சார்," என்றார் பியோன்.

மி-ரே அவர் கையிலிருந்ததைப் பிடுங்கி வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தின் எண்ணைத் தட்டினாள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டோமேங்க," என்றது மறுமுனை. "இப்பதான் அடுத்தவங்களுக்குச் சொன்னோம். உடனே எடுத்துட்டாங்க."

புதிய கைபேசி வாங்கும் தகுதி உடையது அல்ல என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. மி-ரேதான் குறிப்பு எழுதினாள். காலியாக இருந்த கட்டத்தில், 'பயன்படுத்தியவர்கள்: ஆறு பேர். நிலா தெரிகிறது. கூப்பிட உதவவில்லை' என்று எழுதினாள். யாரும் படிக்காமல் எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

மாலையில் முழங்கால் பனியில் நடந்து கடைக்குப் போனாள். புதுக் கைபேசிப் பெட்டியை எடுத்து வைத்த கடைக்காரப் பெண், கேட்காமலேயே உறை அலமாரியைத் திறந்தாள். ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தது.

"வட்ட அலுவலகமா அக்கா? மேலதிகாரி எந்த வருஷத்து ஃபோன் வச்சிருக்கார்?"

மி-ரே நான்கு ஆண்டுக்கு முந்தைய வரிசையைத் தொட்டுக் காட்டினாள்.

"அதுக்கும் ரெண்டு வருஷம் பழசாவே குடு," என்றாள்.