மூன்றாவது மாடியில் இலையுதிர் காலம்

மேலே நாலாவது மாடியிலிருந்து மறுபடியும் ஒரு துண்டு விழுந்தது. விழுந்ததுதான் விழுந்தது, கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கலாம். கஞ்சியில் முக்கி, பால்கனிச் சுவரின் மேல் தாட்சாயிணி வரிசையாகக் காயவைத்திருந்த நூல் இலைகளின் மேலேயே வந்து விழுந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

சிவப்பு, மஞ்சள், செம்மண் நிறம் என்று எல்லாம் குரோஷா ஊசியால் பின்னிய இலைகள். கனடாவில் இருக்கும் மருமகள் பவ்யாதான் கேட்டிருந்தாள். "அத்தை, இங்க இலையெல்லாம் உதிர்ற சீசன்ல வாசக்கதவுல இலை மாலை மாட்டுவாங்க. உங்களுக்குத்தான் குரோஷா நல்லா வருமே!"

வெள்ளானூர் வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, வாழ்நாளில் பார்த்திராத ஒரு மரத்தின் இலையை யூடியூபைப் பார்த்துப் பார்த்துப் பின்னினாள் தாட்சாயிணி. மாலை பாதி முடிந்திருந்தபோது பவ்யா மறுபடி கூப்பிட்டாள். "அத்தை, கடையிலேயே ஒண்ணு கிடைச்சிடுச்சு. நீங்க சிரமப்படாதீங்க."

சிரமப்பட ஆசையாக இருக்கிறது என்று மருமகளிடம் எப்படிச் சொல்வது? தாட்சாயிணி பின்னுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வாய்க்கு வேலையில்லாதது போலக் கைக்கும் வேலையில்லை என்று ஆகிவிடும். மகன் தினேஷ் வாங்கிப் போட்ட அந்த ஃப்ளாட்டில் அவளைத் தவிரச் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான். அதுவும் மூன்று விசிலோடு நின்றுவிடும்.

"ராணி! ஏ ராணி!"

மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்த ராணி துடைப்பத்தோடு வந்தாள்.

"இந்தா, மேல்வீட்டு மனுஷன் துண்டு. போன வாரம் கர்ச்சீப்பு, அதுக்கு முன்னாடி ஒத்தை சாக்ஸ். பாரு, காஞ்சு மொடமொடன்னு இருக்கு. காஞ்ச துணியை எடுத்து உள்ள வைக்கக்கூட உடம்பு வணங்காதா அவருக்கு?"

"ஜெயராமன் சாருதும்மா. நேர்ல வந்து வாங்கிக்கட்டுமான்னு போன தபாவே கேட்டாரு."

"ஒரு துண்டுக்கு ஒரு ஆள் இறங்கி வரணுமா? நீயே குடுத்துடு."

ஜெயராமன் யார், கறுப்பா சிவப்பா என்று தாட்சாயிணிக்குத் தெரியாது. தனியாக இருக்கும் ஆண்பிள்ளை என்று கேள்வி. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ராணி வாங்கிய வேகத்தில் துண்டின் நுனி பட்டு ஒரு சிவப்பு இலை சுவரிலிருந்து நழுவி, கீழே இரண்டாவது மாடி பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டது. புடவையைச் சரிசெய்துகொண்டு தாட்சாயிணியே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

ஐ.டி. வேலைக்காரப் பெண் கிருஷ்ணப்பிரியா கதவைத் திறந்தாள். "ஹையோ ஆன்ட்டி, இது நூலா? நான் நிஜ இலைன்னு நினைச்சு குப்பையில போடப் பார்த்தேன்! நரம்பெல்லாம் எப்படிப் போட்டீங்க? உள்ள வாங்க, காபி குடிச்சுட்டுப் போகலாம்."

தாட்சாயிணி உள்ளே போனாள். நரம்பு போட்ட விதத்தில் ஆரம்பித்து, மன்னார்குடியில் விட்டுவந்த வீடு, முழங்கால் வலி, முருங்கைக்காய் விலை வரைக்கும் பேசித் தீர்த்தாள். வீட்டுக்குத் திரும்பியபோது தொண்டை கரகரத்தது. சளி பிடிக்கிறதோ என்று மிளகுக் கஷாயம் போடப் போனவளுக்கு அப்புறம்தான் புரிந்தது, பேசி நாளாகிவிட்டது என்று. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மறுநாள் இன்னொரு இலை விழுந்தது. தானாக விழுந்தது என்று சொல்ல முடியாது.

"ஆன்ட்டி, ஆபீஸ் கால்ல இருக்கேன்," என்று காதில் மாட்டியதைத் தொட்டுக் காட்டி, கிரில் கம்பி வழியாகவே இலையை நீட்டினாள் கிருஷ்ணப்பிரியா.

அதற்கடுத்த நாள் அதுகூட இல்லை. தாட்சாயிணி காபி வாசனையை எதிர்பார்த்து இறங்குவதற்குள், கிருஷ்ணப்பிரியாவே மேலே வந்து, இலையை ஒரு பையில் போட்டு இவள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பெண்ணின் நல்ல குணம் தாட்சாயிணிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

வேலை நாளில் போட்டதுதான் தப்பு. சனிக்கிழமை போட வேண்டும். சனிக்கிழமை போட்டாள். காற்று அதை வெள்ளானூர் ஏரிப் பக்கம் கொண்டுபோய்விட்டது.

கனம் போதவில்லை. பழைய ஜன்னல் திரையிலிருந்து இரும்பு வளையம் ஒன்றை உருவி, இலைக் காம்போடு சேர்த்துப் பின்னினாள். இப்போது நேராக இறங்கும்.

நேராகத்தான் இறங்கியது. இரண்டாவது மாடி கிரில்லில் டங் என்று மோதி, துள்ளி, முதல் மாடியில் கஸ்தூரி வீட்டுத் துளசித் தொட்டியில் போய் விழுந்தது.

ஃப்ளாட் எழும்பியிருக்கும் நிலமே கஸ்தூரியின் மாமனார் நெல் விளைத்த நிலம். அவள் போட்ட கூச்சல் அந்தக் காலத்தில் மடை திறந்துவிடச் சொல்லிப் போட்டிருக்க வேண்டிய கூச்சல்.

"எல்லாரும் வாங்கபா! வந்து பாருங்க! மஞ்ச நூலு, செவப்பு நூலு, முடிச்சு மேல முடிச்சு, நடுவுல இரும்பு வளையம்! எவனோ என் ஊட்டுக்குச் செய்வினை வெச்சுட்டாம்பா!"

தாட்சாயிணி பதறியடித்து இறங்கினாள். என்னுடையதுதான் என்று சொல்லித்தான் வாங்கிவர நினைத்தாள். ஆனால் கஸ்தூரி வீட்டு வாசலில் ஃப்ளாட்டே கூடியிருந்தது. யாரோ அவளுக்கு நாற்காலி போட்டார்கள். கஸ்தூரி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். ஆளாளுக்குத் தங்களுக்குத் தெரிந்த செய்வினைக் கதையைச் சொன்னார்கள். இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அவள் எத்தனை காலமாயிற்று! இதைப் போய் ஒரு வார்த்தையில் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நீங்க இன்னாம்மா நெனைக்கிறீங்க?" என்று கஸ்தூரி அவளைக் கேட்டாள்.

தாட்சாயிணி இலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "செய்வினை மாதிரிதான் இருக்கு," என்றாள். "எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான்..." என்று கூட்டத்தோடு சேர்ந்து தானும் ஒரு கதையை ஆரம்பித்தாள். அவள் கதைதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. இரண்டு பேர் வாயில் கைவைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அவள் கதையில் பேய் வேப்பமரத்திலிருந்து இறங்குகிற நேரத்தில் கிருஷ்ணப்பிரியா கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

"இது ஆன்ட்டியோட இலைதானே!"

எல்லோரும் தாட்சாயிணியின் பக்கம் திரும்பினார்கள்.

"காத்துல... காத்துல விழுந்திருக்கும்," என்றாள் தாட்சாயிணி.

"காத்துல வுழறதுக்கு எதுக்கும்மா இரும்பு வளையம்?" என்றாள் கஸ்தூரி.

தாட்சாயிணி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அப்போதும் கிருஷ்ணப்பிரியாதான் காப்பாற்றினாள். "பறக்கக் கூடாதுன்னுதான் வளையம் வெச்சிருப்பாங்க. பாவம், ஒவ்வொரு தடவையும் முழங்கால் வலியோட இறங்கி இறங்கி வராங்க. நாம எல்லாருமா சேர்ந்து ஆன்ட்டி பால்கனிக்குக் கீழ ஒரு வலை கட்டிக் குடுத்துடலாமே!"

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். கஸ்தூரிகூடக் கோபம் தணிந்து ஒத்துக்கொண்டாள். மறுநாளே ஆள் வந்து, தாட்சாயிணியின் பால்கனிச் சுவருக்கு வெளியே, தொட்டில் மாதிரி ஒரு பச்சை வலையை இழுத்துக் கட்டினான்.

"இனிமே நீங்க எங்கயும் அலைய வேணாம் ஆன்ட்டி. எது விழுந்தாலும் கையை நீட்டி எடுத்துக்கலாம்," என்றாள் கிருஷ்ணப்பிரியா, கீழேயிருந்து கட்டை விரலை உயர்த்தி.

"ரொம்ப உபகாரம்மா," என்றாள் தாட்சாயிணி.

அன்று சாயங்காலம் அவள் பால்கனியில் நின்று ஒரு மஞ்சள் இலையைக் கீழே போட்டுப் பார்த்தாள். அது வலையில் விழுந்தது. கையை நீட்டி எடுத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தாள். கீழ்வீட்டில் யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம் வலையின் கண்கள் வழியாக நன்றாகவே மேலே வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இந்த வயதில் இலை உதிர்ந்ததற்கு அழுகிறோமே என்று தன் மேலேயே கோபமும் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொப்பென்று ஒன்று அவள் தோளில் விழுந்தது. நாலாவது மாடித் துண்டு. இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

யார் மேலும் காட்ட முடியாமல் இருந்த கோபமெல்லாம் அந்தத் துண்டின் மேல் திரும்பியது.

"ராணி!"

வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராணி பாதிப் படியிலிருந்து ஏறி வந்தாள். "இன்னாம்மா?"

"இதுதான் கடைசி. உங்க ஜெயராமன் சார்கிட்டப் போய்ச் சொல்லு. நாளைக்கே ஒரு டஜன் கிளிப்பு வாங்கிக் கொடியில துணியை ஒழுங்கா மாட்டச் சொல்லு. இல்லேன்னா அவர் பால்கனிக்கும் ஒரு வலை கட்டச் சொல்லிடுவேன்!"

ராணி துண்டை வாங்கிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"அவரு துணியெல்லாம் லாண்டரிக்குல்லம்மா போவுது, நான்தான எடுத்துகினு போயி குடுத்து வாங்கியாறேன். அவரு பால்கனில கொடியே கட்டலியே!"